முதலில் மீட்டர், பிறகு மாதிரி: வடசென்னை மாநகராட்சிக் கட்டடங்களின் டிஜிட்டல் ட்வின் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்கள்,
மின்துறை, கட்டடத் துறைத் தலைமைப் பொறியாளர்கள்,
1 முதல் 6 வரையுள்ள மண்டலங்களின் அலுவலர்கள்.

வணக்கம்.

திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரை வடசென்னையின் ஆறு மண்டலங்களிலும் மாநகராட்சிக்குச் சொந்தமான பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிரசவம் பார்க்கும் சமுதாய சுகாதார நிலையங்கள், அலுவலகங்கள், சமுதாய நலக் கூடங்கள் இருக்கின்றன. வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து புதுக் கட்டடங்களும் சேர்ந்து வருகின்றன. இவற்றின் மின்செலவை டிஜிட்டல் ட்வின் (கட்டடத்தின் அன்றாட அளவீடுகளோடு சேர்ந்து ஓடும் கணினி மாதிரி) முறையால் கட்டுக்குள் கொண்டுவர முடியும். அதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூடவே இன்னொன்றும் கேட்கிறோம்: முப்பரிமாணப் படத்திலிருந்து தொடங்காதீர்கள், மின்சாரப் பேனல் போர்டிலிருந்து தொடங்குங்கள்.

நாங்கள் கட்டடங்களின் மின்பராமரிப்பு, மீட்டர் அளவீடு, ஏ.சி. பழுதுபார்ப்பு, கணினி மாதிரி ஆகிய வேலைகளில் இருப்பவர்கள். ட்வின் என்றதும் சுழற்றிப் பார்க்கக்கூடிய வண்ணக் கட்டடப் படம்தான் பெரும்பாலும் காட்டப்படுகிறது. மின்சாரத்தை நிர்வகிக்க அந்தப் படம் தேவையில்லை. தேவைப்படுவது மூன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஓடும் மின்சாரத்தையும் அறைகளின் வெப்பம், ஈரப்பதத்தையும் இடைவிடாமல் அளந்து அனுப்பும் கருவிகள். இன்றைய வெயிலுக்கும் இன்றைய ஆள் நடமாட்டத்துக்கும் இந்தக் கட்டடம் எத்தனை யூனிட் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் மாதிரி. அளந்ததும் கணக்கிட்டதும் ஒத்துப்போகாத நாளில் போய்ப் பார்த்துச் சரிசெய்யப் பெயர் குறித்து நியமிக்கப்பட்ட ஓர் ஆள். மூன்றில் எது இல்லாவிட்டாலும் மிஞ்சுவது சுவரில் மாட்டிய திரைதான்.

பணக்கார நாடுகளில் எழுதப்பட்ட ட்வின் கையேடுகள் ஒரு கட்டடத்தில் மைய ஏ.சி., தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு, கட்டி முடித்தபோது வரைந்த சரியான வரைபடம், தடையில்லா மின்சாரம் எல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. இங்கே இருப்பவை அறைக்கு அறை வெவ்வேறு ஆண்டில் வாங்கிய ஸ்பிளிட் ஏ.சி.கள், மின்விசிறிகள், சம்ப் மோட்டார், ஜெனரேட்டர், பலமுறை கூட்டியும் குறைத்தும் மாற்றிய வயரிங். அந்த வயரிங்குக்கு வரைபடம் கிடைப்பது அரிது. ஆகவே கையேட்டை அப்படியே ஒப்பந்தத்தில் எடுத்து எழுதினால், இல்லாத அமைப்போடு இணைக்கும் மென்பொருளுக்குத்தான் பணம் போகும்.

முதல் வேலை ஒற்றைக்கோட்டு வரைபடம். ஒரு உதவிப் பொறியாளர், ஒரு வயர்மேன், பக்கத்துப் பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ.யிலிருந்து இரண்டு மாணவர்கள் போதும். இ.பி. மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச், ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர், மாடிவாரி டி.பி. (மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரிக்கும் பெட்டி) வரை எந்த வயர் எங்கே போகிறது என்று தாளில் வரைந்து, ஒவ்வொரு டி.பி.யிலும் அதை ஒட்ட வேண்டும். ஏ.சி. சுற்றும் விளக்குச் சுற்றும் ஒரே எம்.சி.பி.யில் (சிறு பிரேக்கரில்) கலந்திருக்கும் இடங்கள் இதில்தான் தெரியவரும். அவற்றை முதலில் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் மீட்டர் போட்டால் "தளம் 1: இவ்வளவு யூனிட்" என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அந்தத் தகவலை வைத்து யாரும் ஒரு சுவிட்சைக்கூட அணைக்க முடியாது.

தரைத்தளமும் இரண்டு மாடிகளும், சுமார் 1,500 சதுர மீட்டர் பரப்பும் கொண்ட ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு என்ன வேண்டும்? இ.பி. வரவுக்கு ஒரு மூன்று-ஃபேஸ் மல்டிஃபங்ஷன் மீட்டர், ஜெனரேட்டருக்குத் தனியாக ஒன்று, ஏ.சி. சுற்றுகளுக்குத் தளத்துக்கு ஒன்று, விளக்கு-விசிறிக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, யு.பி.எஸ். மற்றும் சர்வர் அறைக்கு ஒன்று. ஆக மொத்தம் எட்டு. அறைகளில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கப் பத்துப் பன்னிரண்டு சென்சார். கூட்டம் சேரும் கூடத்தில் ஒரு கார்பன் டை ஆக்சைடு சென்சார். மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்ட சென்சார், மோட்டார் குழாயில் பல்ஸ் தரும் நீர் மீட்டர். மொட்டை மாடியில் நிழல் கூண்டுக்குள் ஒரு வெளி வெப்ப-ஈரப்பத சென்சார். இவற்றைத் திரட்ட ஒரு சிறு கணினி, அதற்குச் சிறிய யு.பி.எஸ்., குறைந்தது 30 நாள் தரவை உள்ளேயே வைத்துக்கொள்ளும் நினைவகம். எட்டு மீட்டரில் பத்து அளவுகளை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் நாளுக்கு 1,15,200 எண்கள். இது ஒரு சாதாரணக் கணினிக்கே சுலபமான சுமை. இதற்காகப் பெரிய கிளவுட் சந்தா யாராவது கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் சி.டி.யில்தான் (வயரில் ஓடும் மின்னோட்டத்தைச் சிறிதாக்கி மீட்டருக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்). இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று சி.டி.களில் ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டால், சமச்சுமையில் மீட்டர் உண்மையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். இரண்டு ஃபேஸ்களின் சி.டி.கள் இடம் மாறிவிட்டால் இன்னும் மோசம். பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 1-க்கு அருகில் இருக்கும் சமச்சுமையில், ஒரு ஃபேஸின் முழு அளவும் மற்ற இரண்டின் பாதிப்பாதி எதிர்மறை அளவும் கூடி, மொத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று வரும். மீட்டர் எரியும், எண்கள் ஓடும், திரையில் பச்சை விளக்கு இருக்கும்; அத்தனையும் தவறு. ஆகவே மொத்த கிலோவாட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு ஃபேஸிலும் கிலோவாட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் மூன்றையும் தனித்தனியாகப் படித்து, வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு 24 மணி நேர யூனிட்டை இ.பி. மீட்டர் ரீடிங்கோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொருத்தியதை ஏற்க வேண்டாம்.

சி.டி.யின் அளவும் அப்படித்தான். மெயின் பிரேக்கர் 400 ஆம்பியர் என்பதால் 400/5 (400 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைக்கும்) சி.டி. போட்டுவிடுவது வழக்கம். ஆனால் கட்டடம் பகலில் 80 ஆம்பியர், இரவில் 10 ஆம்பியர்தான் எடுக்கும் என்றால்? 0.5 வகுப்பு சி.டி.க்கு முழு மின்னோட்டத்தில் 0.5 சதவீதப் பிழையும், 20 சதவீத மின்னோட்டத்தில் 0.75-ம், 5 சதவீதத்தில் 1.5-ம் அனுமதி. அதற்கும் கீழே எந்த உத்தரவாதமும் இல்லை. 10 ஆம்பியர் என்பது 400-இல் இரண்டரை சதவீதம். வீணாவது அதிகம் தெரியும் நேரமே இரவுதான், அந்த நேரத்தில் சி.டி.யை நம்ப முடியாமல் போகிறது. ஆகவே முதலில் ஒரு வாரம் கிளாம்ப் வைத்து அளந்து, உண்மை உச்சத்துக்குச் சற்று மேலான சி.டி.யைத் தேர்வு செய்ய வேண்டும். பாதுகாப்புக் குறிப்பு ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: மின்னோட்டம் ஓடும்போது 5 ஆம்பியர் சி.டி.யின் செகண்டரியை (மீட்டருக்குப் போகும் பக்கத்தை) இணைப்பின்றித் திறந்து விடக் கூடாது. முனைகளில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வரும். அந்த முனைகளை ஒன்றாக இணைத்து வைக்கும் ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெர்மினல் பிளாக் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது மீட்டர்களை இணைக்கும் ஆர்.எஸ்.485 தரவு வயர். மீட்டருக்கு மீட்டர் ஒரே சங்கிலியாகத்தான் போக வேண்டும். நட்சத்திரம் போலக் கிளை பிரித்தால் எதிரொலிப்பில் தரவு சிதறும். முறுக்கிய ஜோடி, ஷீல்டு உள்ள கேபிள், இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், ஷீல்டுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். ஒவ்வொரு மீட்டருக்கும் தனி முகவரி எண். இரண்டு மீட்டருக்கு ஒரே எண் இருந்தால் இரண்டுமே சில நேரம் பேசும், சில நேரம் பேசாது. பழுது தேடுபவர் கேபிளைத்தான் சந்தேகிப்பார். மீட்டர்கள் தரவு அனுப்பும் மோட்பஸ் நெறிமுறையில் ரெஜிஸ்டர் (அளவு பதிந்திருக்கும் இடம்) எண் ஒன்று தள்ளிப்போவதும், தசம எண்ணின் இரு பாதிகள் இடம் மாறுவதும் அடிக்கடி நடப்பவை. கிலோவாட் இடத்தில் கோடிக்கணக்கில் ஓர் எண் வந்தால் அதுதான் காரணம்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். கருவி சர்வதேச நேரத்தில் பதிந்து, திரை அதை மாற்றாமல் காட்டினால் ஐந்தரை மணி நேரம் பிசகும். காலை 10 மணிக்கு வந்த உச்சம் விடியற்காலை 4.30-க்கு வந்ததாகத் தெரியும், "இரவில் யாரோ ஏ.சி. போடுகிறார்கள்" என்று காவலாளியிடம் விளக்கம் கேட்கும் நிலை வரும். இணைப்பு அறுந்த நேரத்துக்குப் பூஜ்யம் என்று எழுதும் மென்பொருளையும் ஏற்காதீர்கள். தரவு இல்லை என்றால் இல்லை என்றே பதிய வேண்டும். சராசரி கிலோவாட்டைச் சேமிப்பதைவிட மீட்டரில் ஏறிக்கொண்டே போகும் யூனிட் எண்ணைச் சேமிப்பது நல்லது. இடையில் சில மணி நேரம் விட்டுப்போனாலும் மொத்தக் கணக்கு தப்பாது.

வடசென்னைக்கே உரியவை சில இருக்கின்றன. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோரக் கட்டடங்களில் உப்புக் காற்று ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் அலுமினிய ஃபின்களை அரித்துப் பொடியாக்குகிறது. மணலிப் பக்கம் காற்றில் கலந்த கந்தகச் சேர்மங்கள் செம்பைக் கருக்கச் செய்கின்றன, ஏ.சி.யின் செம்புக் குழாய் மட்டுமல்ல, நீங்கள் புதிதாக மாட்டப்போகும் சென்சாரின் சர்க்யூட் போர்டும் செம்புதான். ஆகவே போர்டுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு, பெட்டிக்குத் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 தரம், கேபிள் நுழையும் இடத்தில் கிளாண்ட், உள்ளே மாற்றக்கூடிய சிலிக்கா ஜெல் பை. 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டிவிட்டன. அந்தக் கோட்டுக்கு மேலேதான் மீட்டரும் கணினிப் பெட்டியும் இருக்க வேண்டும்.

ஈரப்பத சென்சார் இந்தக் காற்றில் சீக்கிரம் பிசகும். அதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் சமையல் உப்பைச் சிறிது தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, சென்சார் அதைத் தொடாமல் மேலே தொங்கவிட்டு, நிழலில் ஓர் இரவு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். சென்சார் 70-க்குக் கீழோ 80-க்கு மேலோ காட்டினால் மாற்றிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதை ஹெல்பரே செய்யலாம்.

இனி மாதிரி. அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிடும் எனர்ஜிபிளஸ் என்ற கட்டட மின்செலவுக் கணிப்பு மென்பொருள் இலவசம். அதன் நிரலும் எவருக்கும் திறந்தது. மண்டல அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற ஏ.சி. சுமை அதிகமுள்ள கட்டடங்களுக்கு அதுவே போதும். ஆனால் சென்னைக்கென்று பரவலாகக் கிடைக்கும் வானிலைக் கோப்பு மீனம்பாக்கம் நிலையத்தை ஒட்டியது. எண்ணூரிலிருந்து அது ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தெற்கே, கடலிலிருந்தும் உள்ளே தள்ளி இருக்கிறது. திருவொற்றியூரில் கடற்காற்று ஏறும் நேரம் வேறு, மாதவரத்தில் வேறு. அதனால்தான் மொட்டை மாடி சென்சார் வேண்டும் என்கிறோம். அந்த சென்சார் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் வெப்பக் காற்று படும் இடத்தில் இருந்தால் கோடை முழுக்கக் கணக்கு பிசகும்.

சுவரும் கூரையும் சரியாகப் பதிய வேண்டும். இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையும், கனத்த செங்கல் சுவரும் உண்டு. மென்பொருளின் பொருள் பட்டியலில் இந்தக் கூரை இருக்காது. இயல்பாக வரும் கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தால், பகல் வெப்பத்தை உள்வாங்கி நேரம் கழித்து வெளிவிடும் அதன் தன்மை மாதிரியில் வராது. ஏ.சி. எப்போது உச்சத்துக்குப் போகும் என்ற கணிப்பே தவறிவிடும். அடுக்கு அடுக்காகத் தடிமன், அடர்த்தி கொடுத்துப் புதிதாக உருவாக்க வேண்டும். புதுக் கட்டடங்களில் கூல் ரூஃப் பூச்சு அடித்திருந்தால், ஈ.சி.பி.சி. 2017 (கட்டட எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு) கேட்கும் ஆரம்ப வெயில் எதிரொளிப்பு குறைந்தது 0.6. மாதிரியில் அந்தப் புது எண்ணை என்றைக்கும் வைத்திருக்கக் கூடாது. நிலக்கரித் தூசும் லாரிப் புகையும் படியும் இந்தப் பகுதியில் வெள்ளைக் கூரை வெள்ளையாக நீடிப்பதில்லை. கழுவும் தேதியும் ட்வினில் பதிவாக வேண்டும்.

மாதிரி சரியா என்று பார்க்க, அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் வழிகாட்டி 14 ஓர் அளவுகோல் தருகிறது. மாதத் தரவில் மொத்தச் சாய்வு (கூட்டிக் கழித்து மிஞ்சும் பிழை) 5 சதவீதத்துக்குள், சிதறல் (ஒவ்வொரு புள்ளியும் விலகும் அளவு) 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மணிவாரித் தரவில் 10, 30. இரண்டையுமே கேளுங்கள். சாய்வை மட்டும் கேட்டால் மே மாதத்தில் கூடுதலாகவும் டிசம்பரில் குறைவாகவும் வந்து ஆண்டு மொத்தம் ஒத்துப்போனதாகக் காட்டிவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் இணைப்பில் ஆண்டுக்கு ஆறு புள்ளிகள்தான் இருக்கும்; ஆறு புள்ளிகளோடு எதை வேண்டுமானாலும் பொருத்திக் காட்ட முடியும். ஆகவே சொந்த மீட்டரின் மணிவாரித் தரவை வைத்துத்தான் ஒப்பீடு நடக்க வேண்டும். திருத்தும் வரிசையும் முக்கியம். முதலில் எண்ணிப் பார்க்கக்கூடிய விளக்கு, விசிறி. அடுத்து மீட்டர் காட்டும் உண்மையான வேலை நேரம். பிறகு ஏ.சி.யின் திறன். கடைசியில்தான் கதவு இடுக்கு வழியே வரும் காற்று. வரிசையை மாற்றி, கண்ணுக்குத் தெரியாததைத் திருகித் திருகி எண்ணைப் பொருத்தியவரின் மாதிரி, ஒரு ஏ.சி.யை மாற்றினால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்குத் தவறான பதில்தான் சொல்லும்.

எல்லாக் கட்டடத்துக்கும் இவ்வளவு வேண்டாம். பள்ளிகளைப் பாருங்கள். பெரும்பாலும் விசிறிதான், ஏ.சி. கிடையாது. ஒரு வகுப்பில் 75 வாட் விசிறி நான்கை 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) விசிறியாக மாற்றினால் 180 வாட் குறையும்; நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்றால் வகுப்புக்கு 252 யூனிட், 20 வகுப்புக்கு 5,040 யூனிட். இதைத் தெரிந்துகொள்ள ட்வின் தேவையில்லை. பள்ளிக்குத் தேவைப்படுவது மேல்மாடி வகுப்புகளில் பிள்ளைகள் எவ்வளவு வெக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. இந்தியக் கட்டடங்களில் ஆய்வு செய்து உருவாக்கிய தகவமைவு மாதிரிப்படி (மக்கள் ஊர் வெயிலுக்குப் பழகுவதைக் கணக்கில் எடுப்பது), ஜன்னல் திறந்த கட்டடத்தில் ஏற்கத்தக்க உள்வெப்பம் = கடந்த 30 நாள் வெளிவெப்பச் சராசரி × 0.54 + 12.83. சராசரி 31 டிகிரி என்றால் சுமார் 29.6, அதற்கு மேல் 2.4 டிகிரி வரை பெரும்பாலோர் தாங்குவர். 32-ஐத் தாண்டிய மணிகளை வகுப்புவாரியாக எண்ணினால், எந்தக் கூரைக்கு முதலில் பூச்சு அடிப்பது என்று பட்டியல் தானாகவே வந்துவிடும். பத்து சென்சார் போதும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே குறிக்கோள் என்று எழுதினால் பள்ளிகள் இந்தத் திட்டத்தில் கடைசியாகத்தான் வரும். அப்படி ஆகிவிடக் கூடாது.

சமுதாய நலக் கூடம் போன்ற சிறிய கட்டடங்களுக்கு எளிய கணக்கே போதும்: நாளொன்றுக்கான யூனிட், அன்றைய வெளிச் சராசரி, நிகழ்ச்சி உண்டா இல்லையா. ஆனால் இங்கே வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு சரிவராது. ஏ.சி.யின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பது. அக்டோபரில் வெயில் குறைந்தும் ஏ.சி. யூனிட் குறையாமலிருப்பது அதனால்தான். வெப்பத்தோடு காற்றின் ஈரத்தையும் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையையும் சேர்த்துக்கொண்டால் பொருத்தம் நன்றாக வரும்.

ட்வின் என்ன கண்டுபிடிக்கும்? முதலில் இரவுச் சுமை. பூட்டிய கட்டடத்தில் இரவு 11 முதல் 5 வரை 6 கிலோவாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 36, மாதத்துக்கு 1,080 யூனிட். அடுத்து மோட்டார். 1,000 லிட்டரை 20 மீட்டர் உயரம் ஏற்ற இயற்பியல் கேட்பது 0.0545 யூனிட், மோட்டார்-பம்ப் சேர்ந்த திறன் 40 சதவீதம் என்றால் 0.14 வரை போகலாம். இது 0.25-ஐத் தொட்டால் ஃபுட் வால்வ் கசிவு, உறிஞ்சு குழாயில் காற்று, பாதி மூடிய வால்வு, தேய்ந்த இம்பெல்லர் ஆகிய நான்கில் ஒன்று. 1,000 லிட்டருக்கான யூனிட் சரியாக இருந்து மொத்த யூனிட் மட்டும் ஏறினால் கோளாறு பம்பில் இல்லை. தொட்டி நிரம்பி வழிகிறது அல்லது குழாய் ஒழுகுகிறது. பிறகு ஏ.சி. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே தள்ளும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் ஓடியும் வித்தியாசம் வாரவாரம் சுருங்கினால் உள்ளே ஃபில்டர் அடைப்பைப் பாருங்கள், அடுத்து அவுட்டோர் காயிலில் உப்பும் தூசியும், அதற்கும் பிறகுதான் கேஸ் கசிவு. ஆனால் நடைமுறையில் கேஸ் சார்ஜ்தான் முதலில் செய்யப்படுகிறது. நல்ல தண்ணீரில் காயிலைக் கழுவினாலே சரியாகியிருக்கும் ஏ.சி.க்கு கேஸ் ஏற்றுவது பணத்தையும் வீணாக்கி, கம்ப்ரஸரையும் கெடுக்கும்.

உயர் அழுத்த இணைப்புள்ள பெரிய கட்டடங்களில் யூனிட்டோடு கே.வி.ஏ. அளவில் ஒரே நேரத்தில் எடுக்கும் உச்சத் தேவைக்கும் கட்டணம் உண்டு. பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணமும் உண்டு. காலை 10 மணிக்கு எல்லா ஏ.சி.யும் மோட்டாரும் ஒன்றாகத் தொடங்குவதைத் தவிர்த்து, மோட்டாரை விடியற்காலைக்கு மாற்றினாலே உச்சம் தணியும். பில் மீட்டர் எந்த இடைவெளியில் உச்சத்தைக் கணக்கிடுகிறதோ அதே இடைவெளியில்தான் ட்வினும் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது.

கட்டுப்பாட்டைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்கிறோம். முதல் ஓராண்டு ட்வின் பார்க்கட்டும், சொல்லட்டும். எதையும் இயக்க வேண்டாம். மோட்பஸில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது. அந்த வலையில் நுழைந்தவர் எவரும் கட்டளை அனுப்பலாம். எனவே மீட்டர் வலையை அலுவலக இணையத்திலிருந்து பிரித்தே வைக்க வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு மோட்டார் நேரம், அலுவலக ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே போகவிடாமல் வைப்பது ஆகியவற்றை ஒப்படைக்கலாம். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிஞ்சும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் (பி.இ.இ.) கணக்கு.

சுகாதார நிலையங்களில் இந்த எல்லை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அறுவை அரங்குக்கு மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 முறை வெளிக்காற்று. பணம் மிச்சம் என்று இதைத் தொடவே கூடாது. அரங்கு காலியாக இருக்கும்போது விசிறி வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் அந்த முடிவு மருத்துவ அலுவலருடையது, மென்பொருளுடையது அல்ல. தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று ட்வின் எச்சரிக்கை மட்டும் தரட்டும்.

எச்சரிக்கைகளையும் கட்டுப்படுத்த வேண்டும். நாளுக்கு நாற்பது குறுஞ்செய்தி வந்தால் முதல் வாரத்திலேயே உதவிப் பொறியாளர் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார், அது அவர் குற்றமல்ல. ஒரு கட்டடத்துக்கு நாளுக்கு மூன்று மட்டும், ரூபாய்க் கணக்கில் வரிசைப்படுத்தி, எந்த டி.பி., எந்தச் சுற்று, எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தமிழில் வரட்டும். வயர்மேன் சரிசெய்ததும் என்ன செய்தார் என்று ஒரு வரி பதியட்டும். அந்த ஒற்றை வரிகள் சேர்ந்துதான் ட்வினுக்கு அறிவு வளரும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். மீட்டரின் ரெஜிஸ்டர் பட்டியல், மாதிரிக் கோப்புகள், எல்லாக் கடவுச்சொற்கள், முழுத் தரவு ஆகியவை முதல் நாளிலிருந்தே மாநகராட்சியின் சொத்து என்று எழுதுங்கள். தரவு மாநகராட்சியின் சர்வரிலேயே இருக்கட்டும். திறந்த நெறிமுறை இல்லாத மீட்டரும், நிறுவனத்தின் கிளவுட் வழியாக மட்டுமே பேசும் சென்சாரும் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த மறுநாளே அவை ஊமையாகும். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: கிளாம்ப் மீட்டர் சோதனையில் தேறியதும் 40 சதவீதம், மாதிரி மணிவாரி அளவுகோலில் தேறியதும் 30, மீதி 30-ஐ இரண்டு ஆண்டில், 95 சதவீத நேரம் தரவு வந்தால் மட்டும். சிம் கார்டு கட்டணம் யார் பொறுப்பு என்றும் ஒரு வரி இருக்கட்டும். மாதம் சில நூறு ரூபாய் கட்டாமல் ஒரு கட்டடமே திரையிலிருந்து மறைந்துவிடும். ஆள் நடமாட்டத்தை அறிய கேமரா வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு அளவே போதும். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டச் சிக்கலும் அதனால் குறையும். எங்கள் மதிப்பீட்டில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் மீட்டர், வயரிங், பராமரிப்புக்குப் போக வேண்டும். திரைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

பொறுப்பாளர் இடமாறுதலாகும்போது ட்வினையும் கோப்பு, சாவியோடு சேர்த்துக் கைமாற்றிக் கையெழுத்து வாங்கும் நடைமுறை வேண்டும். ஒவ்வொரு மீட்டரிலும் மண்டலம், கட்டடம், தளம், சுற்று என்ற ஒரே வரிசையில் பெயர் ஒட்டியிருந்தால் புதிதாக வருபவர் ஒரு நாளில் புரிந்துகொள்வார்.

ஏன் வடசென்னையில் முதலில்? இங்கே மிச்சப்படும் மின்சாரத்துக்கு இந்த மண்ணோடு நேரடித் தொடர்பு உண்டு. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்தத் தொகுப்புக்கு மின்சாரம் தரும் வடசென்னை அனல்மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் எண்ணூரை ஒட்டித்தான் நிற்கின்றன. அவற்றின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில்தான் படிந்திருக்கிறது. புகையைச் சுவாசிக்கும் மக்களின் பள்ளிக்கும் பிரசவ வார்டுக்கும் நல்ல கருவி கடைசியாக வந்து சேருவதை எங்களால் ஏற்க முடியவில்லை. தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது: உப்பு, கந்தகம், தூசி, வெள்ளம், பழைய கூரை, கலந்த வயரிங் எல்லாமே இங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. இங்கே தாக்குப்பிடிக்கும் வடிவமைப்பை எந்த மண்டலத்துக்கும் நம்பி எடுத்துச்செல்லலாம்.

எங்கள் கோரிக்கை மூன்று கட்டடங்கள்: கரையோரத்தில் ஒரு சமுதாய சுகாதார நிலையம், மணலிப் பக்கம் ஒரு பள்ளி, ஒரு மண்டல அலுவலகம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒற்றைக்கோட்டு வரைபடமும் சுற்றுகளைப் பிரிப்பதும், பிப்ரவரியில் மீட்டரும் கிளாம்ப் சோதனையும் முடிந்தால், மார்ச் முதல் மே வரையிலான முழுக் கோடையும் தரவில் பதிவாகும். அடுத்த பிப்ரவரிக்குள் ஓராண்டு மணிவாரித் தரவு கையில் இருக்கும், மாதிரியையும் சோதித்து முடித்திருக்கலாம். அந்த எண்களை, ஒத்துப்போனதும் போகாததும் சேர்த்து, மாநகராட்சி இணையதளத்தில் வெளியிடுங்கள். அடுத்த முப்பது கட்டடங்களுக்கான ஒப்பந்தத்தை அதைப் பார்த்து எழுதலாம். மீட்டர் பொருத்தும் நாட்களில் பேனலைத் திறக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டித் தெரிவித்தால், கிளாம்ப் மீட்டரும் சோதனைத் தாளுமாக நாங்கள் வந்து நிற்கிறோம். இதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வடசென்னையில் கட்டட மின்பராமரிப்பு, மின் அளவீடு, குளிர்சாதன வேலைகளில் ஈடுபட்டிருக்கும் பொறியாளர்கள், டெக்னீசியன்கள், வயர்மேன்கள்